மைதானம் எவருடையது? லிவர்பூல் நகரின் ஜான் ஹோல்டிங் வரலாறு

சென்ற மாதம் எங்கள் இல்லத்தில் ஒரு சட்டையை முன்னிட்டுச் சிறு பூசல் எழுந்தது. என் தங்கை மகன் கல்லூரியில் பயில்பவன், கால்பந்துப் பித்தன். லிவர்பூல் கழகத்தின் பழைய மாதிரிச் சிவப்புச் சட்டை ஒன்றை வாங்கி உடுத்தி வந்தான். நெஞ்சின் குறுக்கே வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். எண்பதைக் கடந்த என் வாப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அப்பெயரை எழுத்தெழுத்தாய்ப் படித்துவிட்டு, "இது எந்தக் கம்பெனி தம்பி?" என வினவினார். அது டென்மார்க் நாட்டு பீர் நிறுவனம். பையன் விழித்தான். "ஸலாஹ் ஆடிய கழகம்தானே அப்பா, கோல் போட்டதும் ஸஜ்தா செய்வாரே!" என்று சமாளிக்க முயன்றான். அச்சட்டை ஸலாஹ்வுக்கு முந்தைய காலத்தது என்பது வேறு கதை. 1992 முதல் 2010 வரை அந்நிறுவனத்தின் பெயர்தான் லிவர்பூல் வீரர்களின் நெஞ்சில் இருந்தது.

சட்டை அலமாரிக்குள் சென்றுவிட்டது. ஆயினும் அன்றிரவு அவனுக்கு நான் சொல்லத் தொடங்கிய கதை, அவன் எதிர்பார்த்ததைவிட நீண்டு போயிற்று. லிவர்பூல் கழகம் பிறந்ததே ஒரு மது வணிகரின் வீட்டில்தான். அதனினும் வியப்பு, அக்கழகம் பிறந்த நாள்களில், அங்கிருந்து இரண்டு மைலுக்குள்ளேயே பிரிட்டனின் முதல் பள்ளிவாசல்களுள் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அரிது. வாசகர்களுக்காக இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஜான் ஹோல்டிங் 1833ஆம் ஆண்டு லிவர்பூலில் பிறந்தார். தந்தை மாடு வளர்த்துப் பால் விற்றவர். பதினொரு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. சிறு வேலைகள் பலவற்றைச் செய்து, பின்னர் மது வடிக்கும் ஆலையொன்றில் பணிக்குச் சேர்ந்து, அங்கே மேல் நிலைக்கு உயர்ந்து, இறுதியில் தமக்கெனச் சொந்தமாக ஓர் ஆலையை அமைத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் லிவர்பூல், உலகக் கப்பல்கள் வந்து சேரும் துறைமுகம். துறைமுகக் கூலிகள், கப்பலோட்டிகள், பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த அயர்லாந்து மக்கள் என நெருக்கியடித்து வாழ்ந்த நகரில், சாராயமும் பீரும் விற்பவன் வறியவனாய் இருக்க இயலாது. ஹோல்டிங் செல்வரானார். எவர்ட்டன் பகுதியில் ஸ்டான்லி பூங்காவை நோக்கிய பெரிய இல்லத்தில் குடியேறினார்.

அக்கால ஆங்கிலேய நகரங்களில் மது வணிகம் என்பது வெறும் வணிகம் மட்டுமன்று. அது ஓர் அரசியல் கட்சியின் முதுகெலும்பு. பழமைவாதக் கட்சியின் பகுதிக் கூட்டங்கள் மதுவிடுதிகளின் மாடியறைகளில் நடந்தன. எதிரணியான லிபரல் கட்சியிலோ, மெதடிஸ்ட் முதலிய சீர்திருத்தக் கிறித்தவச் சபையினரும், மதுவிலக்கு இயக்கத்தினரும் மிகுதி. ஹோல்டிங் முன்னவரின் தலைவர். 1884ஆம் ஆண்டு எவர்ட்டன்–கிர்க்டேல் வட்டத்தின் நகர்மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழைகளுக்கான அரசு விடுதிகளையும் மருத்துவமனைகளையும் மேற்பார்த்த வெஸ்ட் டெர்பி ஏழைகள் காப்பு வாரியத்திலும் தலைமை வகித்தார். தெருவில் இறங்கி நடந்தால் வணக்கம் சொல்லாதவர் இல்லை. உள்ளூர்ச் செய்தித்தாள்கள் அவருக்கு 'எவர்ட்டனின் அரசர் ஜான்' என்று பட்டம் சூட்டின. புகழ்ச்சி பாதி, கேலி பாதி.

இனிக் கால்பந்துக்கு வருவோம். எவர்ட்டன் கழகத்தின் வேர் மதுவிடுதியில் இல்லை; தேவாலயத்தில் இருக்கிறது. செயின்ட் டொமிங்கோ என்னும் மெதடிஸ்ட் ஆலயத்தின் இளைஞர்கள், குளிர்காலத்திலும் உடற்பயிற்சி வேண்டுமென 1878இல் ஒரு கால்பந்து அணியை அமைத்தனர். இளைஞர்களைக் குடியிலிருந்தும் வீண் பொழுதிலிருந்தும் காப்பது அத்தகைய ஆலய அணிகளின் பொதுவான நோக்கம். மறு ஆண்டே வெளியாரும் சேரத் தொடங்கியதால் பகுதியின் பெயரையே கழகத்துக்குச் சூட்டினர். ஸ்டான்லி பூங்காவின் திறந்த வெளியில், இலக்குக் கம்பங்களைத் தாமே சுமந்து வந்து நட்டு ஆடினர். பொதுப் பூங்கா ஆதலால் நுழைவுக் கட்டணம் வாங்க இயலாது. கூட்டம் பெருகப் பெருக வேலியிட்ட மைதானம் தேவைப்பட்டது. ப்ரையரி சாலையில் ஒருவர் இடம் தந்தார். ஓராண்டு ஆட்டத்தின் ஆரவாரத்தைத் தாங்க மாட்டாமல் வெளியேறச் சொல்லிவிட்டார்.

அப்பொழுதுதான் ஹோல்டிங் கைகொடுத்தார். ஆன்ஃபீல்டு சாலையில் ஓரல் என்னும் மது வணிகக் குடும்பத்தாருக்கு நிலம் இருந்தது. ஹோல்டிங் அவர்களிடம் பேசி, 1884இல் அந்நிலத்தைக் கழகத்துக்குப் பெற்றுத் தந்தார். வாடகையாகக் கேட்கப்பட்டது, அப்பகுதியின் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் ஒரு நன்கொடை மட்டுமே. கழகத்தார் தாமே களைகளைப் பிடுங்கி, நிலத்தைச் சமன்செய்து, வேலியடித்தனர். 1884 செப்டம்பரில் எர்ல்ஸ்டவுன் அணியை 5–0 என வென்று அம்மைதானத்தைத் திறந்துவைத்தனர். இன்று உலகம் முழுதும் பெயர் அறிந்த ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் ஆடியது லிவர்பூல் கழகம் அன்று; அதன் பரம எதிரியான எவர்ட்டன். என் மருமகன் இதை நம்பவே மறுத்தான்.

மறு ஆண்டு ஹோல்டிங் நிலத்தின் ஒரு பகுதியைத் தம் பெயருக்கே விலைக்கு வாங்கினார். அதே 1885ஆம் ஆண்டில்தான் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களுக்கு இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் ஒப்புதல் தந்தது. விளையாட்டு தொழிலாகத் தொடங்கிய தருணத்தில், கழகத்தின் தலைவரே கழகத்துக்கு நிலச்சொந்தக்காரரும் ஆகிவிட்டார். ஆண்டு வாடகை 100 பவுண்டு. வீரர்கள் உடை மாற்றிக்கொண்டது அருகிலிருந்த அவருடைய சாண்டன் விடுதியில். கூட்டங்கள் நடந்ததும் அங்கேதான். மைதானத்துக்குள் தின்பண்டமும் குடிப்பும் விற்கும் உரிமையும் அவர் ஒருவருக்கே. வெள்ளைக்காரத் தொழிலாளி சனிக்கிழமை நண்பகல் கூலி வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தால், அவன் சட்டைப்பையிலிருந்து கிளம்பிய காசு எந்தெந்த வழியாகச் சுற்றினாலும் இறுதியில் ஹோல்டிங்கின் பெட்டியை நோக்கியே சென்றது.

அவர் மீது நான் வெறும் குறை கூற வரவில்லை. அவர் இல்லையேல் அக்கழகம் இரண்டாம் முறை மைதானம் இழந்தபோதே கலைந்திருக்கும். தம் செல்வாக்கையும் பணத்தையும் தாராளமாக அதற்குத் தந்தவர் அவர். 1888 ஏப்ரலில் 12 கழகங்கள் கூடி, உலகின் முதல் கால்பந்து லீக் போட்டியைத் தோற்றுவித்தபோது எவர்ட்டன் அவற்றுள் ஒன்றாய் நின்றது. 1890–91ஆம் ஆண்டில் லீக் பட்டத்தையும் வென்றது. ஆலயத்துப் பையன்களின் அணி அந்த உயரத்துக்கு ஏற ஹோல்டிங்கின் தோள் பெரிதும் உதவிற்று.

ஆயினும் கழகம் வளர வளர வாடகையும் வளர்ந்தது. 100 பவுண்டாக இருந்தது, சில ஆண்டுகளுக்குள் 250 பவுண்டாயிற்று. உறுப்பினர்கள் முணுமுணுத்தனர். பார்வையாளர் மேடைகளைக் கட்டியது கழகம். கூட்டத்தைக் கூட்டியது கழகம். நிலத்தின் மதிப்பு உயர்ந்ததே கழகத்தால்தான். அப்படியிருக்க, உயர்ந்த மதிப்பைக் காட்டி நம்மிடமே கூடுதல் வாடகை கேட்பது எவ்வகை நீதி என்பது அவர்கள் வாதம். ஹோல்டிங் தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பணத்தை முடக்கியவர் அவர். கழகம் நொடித்திருந்தால் இழப்பு அவருக்கு. முதலிட்ட பணத்துக்குத் தக்க வருவாய் எதிர்பார்ப்பது குற்றமா?

இதற்கிடையே அண்டை நிலத்தின் உரிமையாளரான ஜான் ஓரல், தம் நிலத்தின் ஊடாகச் சாலை போடப் போவதாக அறிவித்தார். சாலை வந்தால் கழகம் கட்டிய மேடை இடிபடும். ஹோல்டிங் ஒரு தீர்வை முன்வைத்தார். கழகம் 12,000 பவுண்டு முதலுடன் ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறட்டும். தம்முடைய நிலத்தையும் ஓரலின் நிலத்தையும் அது விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பவர் யார்? ஹோல்டிங். வாங்கும் கழகத்தின் தலைவர் யார்? அவரேதான். பேரத்தின் இரு பக்கத்திலும் ஒரே மனிதர் அமர்ந்திருந்தார். உறுப்பினர்கள் மறுத்துவிட்டனர்.

நம்மூர் வாசகர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. ஜமாஅத் மதரஸாவுக்கு இடம் தேடும்போது, நிர்வாகத்தில் இருப்பவரே தம் மனையைக் காட்டுவதும், "எனக்கு இதில் லாபமில்லை, பாய்" என்பதும், அவருடைய நல்லெண்ணத்தை ஐயுறவும் மனமின்றி, கணக்குக் கேட்கவும் துணிவின்றிக் கூட்டம் மௌனம் காப்பதும் நாம் கண்டவையே. லிவர்பூல்காரர்கள் மௌனம் காக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் மஹோன். தொழிலால் கணக்காயர், செயின்ட் டொமிங்கோ ஆலயத்தில் ஆர்கன் இசைப்பவர், அரசியலில் லிபரல். ஆதலால் இப்பிளவைக் குடிப்போருக்கும் குடி மறுப்போருக்கும் இடையே மூண்ட போராகச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. எதிரணியில் இருந்தோர் அனைவரும் மதுவைத் தொடாதவர் அல்லர். மது ஒரு காரணம். கட்சிப் பகை இன்னொரு காரணம். அதே 1892ஆம் ஆண்டின் இறுதியில்தான் பல்லாண்டுப் பழமைவாத ஆட்சியை வீழ்த்தி லிபரல்கள் லிவர்பூல் நகர்மன்றத்தைக் கைப்பற்றினர். எனினும் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா மது பற்றியதன்று. கழகம் அதன் உறுப்பினருக்கு உரியதா, நிலத்துக்கு உரியவருக்கு உரியதா என்பதே அது.

1892 ஜனவரி 25 அன்று நடந்த உறுப்பினர் கூட்டம் பற்றி ஒரு கதை லிவர்பூலில் இன்றும் சொல்லப்படுகிறது. ஆன்ஃபீல்டை விட்டு வேறிடம் செல்வோம் என்று மஹோன் பேசியபோது, உமக்கு வேறு மைதானம் எங்கே கிடைக்கும் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் ஏளனமாய்க் கேட்டதாம். மஹோன் தம் சட்டைப்பையைத் தட்டி, அது இங்கேயே இருக்கிறது என்றாராம். ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில், குடிசன் சாலையில் இருந்த ஒரு நிலத்துக்கான உடன்படிக்கை அப்பைக்குள் இருந்தது.

ஹோல்டிங்கும் சும்மா இருக்கவில்லை. கழகத்தின் பெயரையே உள்ளடக்கிய புதிய நிறுவனம் ஒன்றை மறுநாளே பதிவு செய்துவிட்டார். மைதானம் நம்முடையது, பெயரும் நம்முடையதானால் உறுப்பினர் கூட்டம் எங்கே போகும் என்பது கணக்கு. இக்கணக்குப் பலிக்கவில்லை. கால்பந்துச் சங்கம் தலையிட்டு, 'எவர்ட்டன்' என்னும் பெயர் பெரும்பான்மை உறுப்பினருக்கே உரியது என முடிவுகட்டியது. மார்ச் 15 அன்று ஹோல்டிங் தாம் வளர்த்த கழகத்தின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார்.

அவர் கையில் எஞ்சியது வெறும் மைதானம். வேலி இருந்தது, மேடை இருந்தது, ஆடுவதற்கு ஓர் அணி இல்லை. ஐம்பத்தெட்டு வயது. வேறொருவராயின் நிலத்தை மனை போட்டு விற்றிருப்பார். அவரோ அதே மார்ச் 15 அன்று, தம்மோடு நின்ற சிலரைத் தம் இல்லத்துக்கு அழைத்துப் புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் லிவர்பூல் கால்பந்துக் கழகம். பெயரை முன்மொழிந்தவர் அவருடைய நண்பர் வில்லியம் பார்க்ளே என்பர். ஜான் மெக்கென்னா என்னும் அயர்லாந்துக்காரர் ஸ்காட்லாந்துக்கு ஆளனுப்பி வீரர்களைத் திரட்டினார். தொடக்க அணியில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர். பெயர் 'மெக்' என்று தொடங்காதவரைத் தேட வேண்டியிருந்ததால், 'மெக்குகளின் அணி' என்று ஊரார் நகைத்தனர். ஹோல்டிங் 500 பவுண்டை நன்கொடையாகத் தந்தார். 1892 செப்டம்பர் முதல் நாள் ரோதர்ஹாம் டவுன் அணியை 7–1 என வென்று புதிய கழகம் கணக்கைத் தொடங்கிற்று. அப்போது அவர்கள் உடுத்தியது நீலமும் வெள்ளையும். சிவப்பு பின்னாளில் வந்தது.

பூங்காவின் மறுபுறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். எனக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி அதுவே. மஹோனும் தோழர்களும் பெற்ற இடம் மேடும் பள்ளமுமான பாழ்நிலம். அதைச் சமன்செய்யவும் மேடை எழுப்பவும் பணம் வேண்டும். கழகக் குழுவில் இருந்த ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்னும் மருத்துவர் 1,000 பவுண்டு கடனாகத் தந்தார். வட்டி எதுவும் அவர் கேட்கவில்லை. அந்நாளில் அது சிறு தொகையன்று. நம் மார்க்கத்தில் கர்ளு ஹஸன் என்று சிறப்பித்துச் சொல்லப்படும் அழகிய கடனுக்கு, கத்தோலிக்க மருத்துவர் ஒருவரின் வாழ்விலிருந்து இப்படி ஓர் எடுத்துக்காட்டுக் கிடைக்கிறது. கழகம் ஒரு பவுண்டு விலையுள்ள பங்குகளை உறுப்பினரிடையே பரவலாக விற்றது. எவர் ஒருவரும் மீண்டும் 'அரசர்' ஆகிவிடக் கூடாதே! லிவர்பூல் கழகத்திலோ பங்குகளின் பெரும்பகுதி ஹோல்டிங்கிடம் குவிந்திருந்தது. 1892 ஆகஸ்ட் 24 அன்று குடிசன் பார்க் திறக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1895இல், அந்நிலத்தையே 8,090 பவுண்டுக்கு எவர்ட்டன் விலைக்கு வாங்கிவிட்டது. வாடகைத் தொல்லை அத்தோடு தீர்ந்தது.

1895 என்ற ஆண்டைச் சற்று நினைவில் வையுங்கள்.

ஹோல்டிங்கின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிவர்பூல் கழகம் 1893இல் லீக் போட்டியின் இரண்டாம் பிரிவில் நுழைந்து, முதல் ஆண்டிலேயே 28 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் முதற்பிரிவுக்கு ஏறியது. 1894 அக்டோபர் 13 அன்று லீக் போட்டியில் இரு கழகங்களும் முதன்முறை மோதின. குடிசன் பார்க்கில் 44,000 பேர் திரண்டனர். எவர்ட்டன் 3–0 என வென்றது. பழைய தலைவருக்கு அது கசந்திருக்கும். அரசியலில் குறைவில்லை. நகர்மன்றத்தின் மூத்த உறுப்பினராகி, 1897 நவம்பரில் லிவர்பூல் மாநகரத் தந்தையாகப் பொறுப்பேற்றார். மாட்டுத் தொழுவத்தில் தந்தைக்கு உதவிய பையன் கழுத்தில் மாநகரின் பொற்சங்கிலி! 1901இல் அவருடைய கழகம் லீக் பட்டத்தை முதன்முறை வென்றதையும் கண்ணால் கண்டுவிட்டார். உடல்நலம் தேடிப் பிரான்சின் நீஸ் நகரப் பகுதிக்குச் சென்றவர், 1902 மார்ச் 17 அன்று அங்கே உயிர் நீத்தார்.

உடல் லிவர்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆன்ஃபீல்டில் கொடி தாழப் பறந்தது. அவரை வெளியேற்றிய எவர்ட்டனின் குடிசன் பார்க்கிலும் கொடி தாழப் பறந்தது. இரு கழகத்து வீரர்களும் சேர்ந்து சவப்பெட்டியைச் சுமந்தனர். பத்தாண்டுப் பகை, கல்லறை வரை செல்லவில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் இது கால்பந்துக் கதையாக மட்டும் இருந்திருக்கும். ஹோல்டிங் 'அரசராக' வலம் வந்த அதே எவர்ட்டன் பகுதியை ஒட்டி, வெஸ்ட் டெர்பி சாலையில், வேறொரு வாடகைக் கதை நடந்துகொண்டிருந்தது.

வில்லியம் ஹென்றி குவில்லியம் என்னும் லிவர்பூல் வழக்கறிஞர் 1887இல் மொரோக்கோ சென்று திரும்பியபின் இஸ்லாத்தை ஏற்று அப்துல்லாஹ் ஆனார். மெதடிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை. இளமை முதலே மதுவிலக்கு இயக்கத்தில் ஊறியவர். மஹோன் இசைத்ததும் குவில்லியம் வளர்ந்ததும் மெதடிஸ்ட் சூழலில்தான். தெருவுக்குத் தெரு மதுவிடுதி நிற்கும் ஊரில் மதுவின் கேட்டைப் பேசிப் பேசியே மக்களை அவர் இஸ்லாத்தின் பக்கம் திருப்பினார். அவருடைய தொடக்க கால உரைகள் பல மதுவிலக்கு மேடைகளில் நிகழ்ந்தவை. மவுண்ட் வெர்னன் தெருவில் வாடகை அறையொன்றில் சிறு ஜமாஅத் கூடித் தொழுதது. அவர்களுடைய நம்பிக்கை இன்னதென்று அறிந்த உரிமையாளர், வெளியேறுமாறு சொல்லிவிட்டார். எவர்ட்டன் கழகத்துக்கு ஆரவாரம் காரணம். முஸ்லிம்களுக்கு ஈமான் காரணம். 1889 டிசம்பரில் ப்ரூம் டெரஸ் என்ற வீட்டு வரிசையில் 8ஆம் எண் இல்லத்துக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். சாளரத்திலிருந்து பாங்கு ஒலித்தபோது தெருவில் கூடிய கும்பல் கல்லும் சேறும் வீசியது. தொழுகை நிற்கவில்லை. வார இதழ் வெளிவந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைந்தது. உஸ்மானியக் கலீபா இரண்டாம் அப்துல் ஹமீது அவரைப் பிரிட்டன் தீவுகளின் ஷைகுல் இஸ்லாமாக ஏற்றுச் சிறப்பித்தார்.

1895இல் ஆப்கானிஸ்தான் அமீரின் மகன் நஸ்ருல்லாஹ் கான் லிவர்பூலுக்கு வருகை தந்து, அந்த ஜமாஅத்துக்கு 2,500 பவுண்டு நன்கொடை அளித்தார். கட்டடங்களை விலைக்கு வாங்க அத்தொகை உதவிற்று. ஆம், எவர்ட்டன் குடிசன் பார்க்கை விலைக்கு வாங்கிய அதே ஆண்டு. வாடகையிடத்திலிருந்து விரட்டப்பட்ட இரண்டு கூட்டத்தாரும் ஒரே ஆண்டில், ஒரே நகரில், சொந்த நிலத்தில் காலூன்றினர்.

பின்னர் வழி பிரிந்தது. எவர்ட்டனின் நிலம் நூற்றுக்கணக்கான பங்குதாரரிடம் பரவிய ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. மஹோன் மறைந்தார், பாக்ஸ்டர் மறைந்தார். குடிசன் பார்க் நின்றது. 2025 மே மாதம் வரை, 130 ஆண்டுகளுக்கு மேல், எவர்ட்டனின் ஆடவர் அணி அங்கேயே ஆடியது. ப்ரூம் டெரஸ் கட்டடமோ ஒரு மனிதரையே நம்பி நின்றது. 1908இல், தொழில்முறைச் சிக்கல் ஒன்றில் அகப்பட்ட குவில்லியம் நாட்டைவிட்டுச் சென்றார். சிறிது காலத்துக்குள் அவருடைய மகன் சொத்துகளை விற்றுவிட்டார். ஜமாஅத் சிதறியது. இஸ்லாத்தை ஏற்ற நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் இமாம் இல்லாமலும் இடம் இல்லாமலும் ஆயினர். கட்டடம் நகர்மன்றத்தின் கைக்குச் சென்று, பிறப்பு இறப்புகளைப் பதியும் அலுவலகமாயிற்று. ஒருகாலத்தில் தொழுகை நடந்த வளாகத்தில் பல்லாண்டுகள் லிவர்பூல் மக்கள் தம் பிள்ளைகளின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தார்கள். அது என்ன இடம் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

குவில்லியமின் உழைப்பைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. கல்லடி பட்டுக் கட்டியவர் அவர். ஆனால் ஓர் அமானிதம் எவர் பெயரில், எந்தப் பத்திரத்தில், எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறது என்ற வினாவைக் கால்பந்து ஆடியவர்கள் இரவெல்லாம் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். வக்ஃபு என்னும் ஒழுங்கை உலகுக்குத் தந்த சமுதாயத்தின் அந்தச் சிறு கிளை அதைக் கேட்கும் முன்னரே காலம் முந்திவிட்டது. படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்த இடம் இது.

கதை முடிந்ததும் என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான்: "அப்படியென்றால் எவர்ட்டன் சட்டை வாங்கலாமா மாமா? அவர்கள் குடிக்கு எதிரானவர்கள்தானே?" நான் சிரித்துவிட்டேன். ஆலயத்தில் பிறந்த அக்கழகத்தின் நீலச் சட்டையிலும் 2004 முதல் 2017 வரை தாய்லாந்து பீர் ஒன்றின் பெயர்தான் இருந்தது. வாப்பாவிடம் இதைச் சொன்னபோது, "இரண்டும் வேண்டாம், எழுத்தில்லாத சட்டையாய்ப் பார்த்து வாங்கு" என்று தீர்ப்பளித்துவிட்டுத் தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆன்ஃபீல்டு அருகே ஹோல்டிங்கின் பெயரால் ஒரு தெரு இன்றும் இருக்கிறது. சாண்டன் விடுதியும் இருக்கிறது. ஆட்ட நாள்களில் நிரம்பி வழிகிறது. வெஸ்ட் டெர்பி சாலையில் ப்ரூம் டெரஸ் 8ஆம் எண் இல்லத்தை, குவில்லியமின் பெயரால் அமைந்த சங்கத்தார் பல்லாண்டு முயன்று மீட்டுப் புதுப்பித்தனர். 2014ஆம் ஆண்டு, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், அவ்வறையில் மீண்டும் ஸஃப்பு நின்றது.